எண்ணெய் ஏன் காறிப் போகிறது?

சம்பளம் எடுத்ததும் டவுனுக்குப் போய் மாதச் சாமானோடு தேங்காய் எண்ணெயும் வாங்கி வருகிறோம். மூன்றாம் கிழமை கறி தாளிக்கும்போது ஒரு காறல் வாடை. "கடைக்காரன் பழைய எண்ணெயைக் கொடுத்துட்டான்" என்று ஏசுகிறோம். சில வேளை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல எண்ணெயும் நம்முடைய அடுப்படியிலேயே கெட்டுப் போவதுண்டு. காசு கொடுத்து வாங்கியதை வீணாக்காமல் இருக்க, அது எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய்க்கு ஆகாதவை நான்கு: சூடு, வெளிச்சம், காற்று, ஈரம்.

லயக் காம்பராவில் எண்ணெய்ப் போத்தல் எங்கே இருக்கிறது? அடுப்புக்கு மேலே உள்ள தட்டில், அல்லது ஜன்னல் ஓரத்தில். கைக்கு எட்டும் இடம்தான். ஆனால் அடுப்புச் சூடும் வெயிலும் எண்ணெயைச் சீக்கிரம் கெடுத்துவிடும். அடுப்புக்குத் தள்ளி, இருட்டான மூலையில் வையுங்கள். அலுமாரி இல்லாவிட்டால் போத்தலைச் சுற்றிப் பேப்பர் கட்டி, ஒரு பெட்டிக்குள் வைத்தால் போதும்.

விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் மூடியைத் திறந்தபடியே விட்டுப் போகாதீர்கள். போத்தலில் எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது. ஆகவே பெரிய போத்தலில் வாங்கியதை இரண்டு மூன்று சிறு போத்தல்களில் நிரம்ப ஊற்றி, இறுக மூடி வையுங்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றதைத் திறக்கலாம். செம்பு, பித்தளை, துருப்பிடித்த டின் வேண்டாம். இவை எண்ணெயைச் சீக்கிரம் காற வைக்கும்.

சோயா எண்ணெய் போன்றவற்றை விடத் தேங்காய் எண்ணெய் காற்றுக்கு மெதுவாகத்தான் கெடும். ஆனால் ஈரம் சேர்ந்தால் சவர்க்காரம் போல ஒரு ருசி வந்துவிடும். கழுவிய போத்தலைக் கவிழ்த்து வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்த பிறகே எண்ணெய் ஊற்றுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடக் கூடாது.

பழைய எண்ணெயின் மேல் புது எண்ணெயை ஊற்றுவதும் கூடாது. கொஞ்சம் உறைமோர் பால் முழுவதையும் தயிராக்குகிறதல்லவா? அதைப் போலக் கொஞ்சம் காறல் எண்ணெய் புதியதையும் கெடுத்துவிடும். வடை, ரோல்ஸ் பொரித்த எண்ணெயை ஆறவைத்து, துணியில் வடித்து, வேறு போத்தலில் வைத்து, இரண்டொரு நாளில் தாளிக்கப் பாவித்து முடியுங்கள். கறுத்துப் போனால், நுரைத்தால், சூடாக்கியதும் புகைந்தால் அதை வீசிவிடுங்கள். காறல் எண்ணெயில் செய்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

குளிர் காலத்தில் நுவரெலியா, தலவாக்கலை பக்கம் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். "கலப்படம்" என்று சிலர் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. ஏறக்குறைய 25 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைவது அதன் இயல்பு. போத்தலை நெருப்பில் காட்டாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், இளகிவிடும். குளிர் மாதங்களில் அகல வாய்ப் போத்தலில் வைத்தால் காய்ந்த கரண்டியால் அள்ளிக்கொள்ளலாம்.

கடைசியாக, கட்டாயமாக ஒன்று. புல்லுக்கு அடிக்கும் மருந்து வந்த கேனில், எத்தனை தடவை கழுவினாலும், சமையல் எண்ணெய் ஊற்றவே கூடாது. கழுவினாலும் நஞ்சு முழுவதும் போகாது. மண்ணெண்ணெய்ப் போத்தலையும் எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள். இருட்டில் அவசரமாகச் சமைக்கும்போது கை மாறிவிடும்.

இன்றைக்கே உங்கள் அடுப்படியை ஒரு தடவை பாருங்கள். போத்தலை இடம் மாற்றி வைக்க ஐந்து நிமிஷம் போதும், செலவு ஒன்றுமில்லை.