ஊரடங்குக்குப் பின்னால் இருந்த கணக்கு: கோடிங்கைத் திறந்து காட்டியபோது என்ன நடந்தது?

2020 மார்ச் 16. எந்தக் கட்டுப்பாடும் விதிக்காமல் விட்டால் பிரிட்டனில் சுமார் 5.1 லட்சம் பேரும், அமெரிக்காவில் சுமார் 22 லட்சம் பேரும் கொரோனாவால் இறக்கக்கூடும் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஒரே வாரத்தில், மார்ச் 23 அன்று, பிரிட்டனில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு இந்த அறிக்கை மட்டுமே காரணம் இல்லை. ஆனால், முக்கியமான காரணங்களில் ஒன்று.

கடைகள் மூடின, பலருக்கு வேலை போனது. இவ்வளவு பெரிய முடிவுக்குத் துணைநின்ற கணக்கைப் போட்டது ஒரு கம்ப்யூட்டர் நிரல். அதன் கோடிங்கை அன்று வெளியாட்கள் யாரும் பார்க்க முடியாது!

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

எளிமையான நோய்ப்பரவல் மாதிரிக்கு மூன்று பெட்டிகள் போதும். இன்னும் தொற்றாதவர்கள், தொற்று உள்ளவர்கள், அதிலிருந்து மீண்டவர்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு தினமும் எத்தனை பேர் நகர்கிறார்கள் என்று கணக்கிட வேண்டும், அவ்வளவுதான். பைத்தான் தெரிந்தவர் பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிவிடலாம்.

இம்பீரியல் கல்லூரியின் மாதிரி அப்படி அல்ல. நாட்டு மக்களைத் தனித்தனி ஆட்களாகவே கம்ப்யூட்டருக்குள் உருவாக்கி, அவர்களுக்கு வீடு, பள்ளி, வேலையிடம் என்று ஒதுக்குகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா என்பதைத் தாயக்கட்டை உருட்டுவதுபோல ஒரு தற்செயல் எண்ணை வைத்துத் தீர்மானிக்கிறது. அதனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை கொஞ்சம் மாறும். பல முறை ஓட்டி சராசரி எடுப்பார்கள்.

ஏன் முதலிலேயே வெளியிடவில்லை?

அறிக்கைக் குழுவின் தலைவர் நீல் பெர்குசன் மார்ச் 22 அன்று ட்விட்டரில் காரணத்தைச் சொன்னார். ஃப்ளூ பெருந்தொற்றுக்காக 13 ஆண்டுகளுக்கும் முன்பு எழுதிய நிரல் அது. விளக்கக் குறிப்புகளே இல்லாத, ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட சி மொழிக் கோடிங்.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. எழுதியவருக்கு மட்டுமே புரியும் பழைய கோடிங் எல்லா ஆபீஸிலும் இருக்கும். பிறகு மைக்ரோசாஃப்ட், கிட்ஹப் பொறியாளர்களும், 'டூம்' வீடியோ கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மக்கும் அதைச் சீரமைக்க உதவினார்கள். ஏப்ரல் இறுதியில், 'கோவிட்சிம்' என்ற பெயரில் அது கிட்ஹப் தளத்துக்கு வந்தது.

வெளியானதும் என்ன ஆச்சு?

கடும் விமர்சனம் கிளம்பியது. தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் 'விதை எண்' ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாக வர வேண்டும். ஆனால், சில அமைப்புகளில் ஓட்டினால் விடை மாறியது. வெளியிட்டது சீரமைத்த பதிப்புதானே, மார்ச்சில் ஓடிய அதே நிரல் எங்கே என்ற கேள்வியும் எழுந்தது. ஊரடங்கே தப்பான கணக்கில் வந்தது என்றுகூடச் சிலர் எழுதினார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் எக்லென் பொதுவெளிக்கு வந்த நிரலைத் தானே ஓட்டிப் பார்த்தார். அறிக்கையின் முக்கிய முடிவுகள், சிறு வேறுபாடுகளுடன், அவருக்கும் கிடைத்தன. கோடிங் அலங்கோலமாக இருந்தது உண்மை. அதனால் அறிக்கையின் முடிவு தலைகீழாகிவிடவில்லை என்பதும் உண்மை.

அப்போ, மாதிரி சரியா?

இது வேறு கேள்வி. கூட்டல் கழித்தல் சரியாக இருந்தும், உள்ளே போட்ட எண் தப்பாக இருந்தால் விடை தப்பாகத்தான் வரும். 5.1 லட்சம் என்ற கணிப்புக்குள், தொற்றிய ஒருவர் சராசரியாக 2.4 பேருக்குப் பரப்புவார், தொற்றியவர்களில் 0.9 சதவீதம் பேர் இறப்பார்கள் என்ற அனுமானங்கள் இருந்தன.

2021-ல் இன்னொரு ஆய்வுக்குழு 'கோவிட்சிம்' நிரலை எடுத்துச் சோதித்தது. அதில் உள்ளே கொடுக்க வேண்டிய அளவுகள் மொத்தம் 940. அவற்றில் 19 அளவுகளை மாற்றினால்தான் விடை அதிகம் ஆடுகிறது என்று அந்தக் குழு கண்டறிந்தது. அந்த அளவுகளில் இருக்கும் சின்ன நிச்சயமின்மை, விடையில் 300 சதவீதம் வரை பெரிதாகலாம். நிஜத் தரவுகளுடன் ஒப்பிட்டபோதும் மாதிரி சரியாகப் பொருந்தவில்லை.

இந்தக் குறையை வெளியாட்கள் கண்டுபிடிக்க முடிந்ததே நிரல் திறந்து கிடந்ததால்தான். ஆனால், அதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது.

இந்தியாவில்?

இங்கும் உதாரணம் உண்டு. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ரோனோஜாய் அதிகாரி, அங்கு ஆய்வு செய்த ராஜேஷ் சிங் இருவரும் கேம்பிரிட்ஜில் இருந்தபடி, 2020 மார்ச் இறுதியில் இந்தியாவுக்கான ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். 21 நாள் ஊரடங்கு மட்டும் போதாது, தளர்த்தினால் தொற்று திரும்பும் என்றது அது. அதன் நிரல் 'பைராஸ்' எல்லோருக்கும் திறந்தே இருந்தது. கொசு மூலம் மலேரியா பரவுவதை இந்தியாவில் பணியாற்றியபோது கண்டறிந்த ரொனால்ட் ராஸின் பெயர்தான் அதற்கு. நோய்ப்பரவலைக் கணிதமாக்கிய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

'ஓப்பன்' என்றால் எது எது வேண்டும்?

* நிரல் மட்டும் போதாது. உள்ளே கொடுத்த தரவும் எண்களும் வேண்டும்.
* எந்தப் பதிப்பை ஓட்டி அறிக்கை எழுதினார்கள் என்ற விவரம் வேண்டும்.
* வேறொருவர் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க வழிமுறை வேண்டும்.
* உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத நிரலைப் பார்க்கலாம்; மாற்றிப் பயன்படுத்தும் உரிமை தானாக வந்துவிடாது.
* நோயாளிகளின் பெயர், முகவரி போன்ற விவரங்கள் வெளியே போகக் கூடாது. மாற்றாக, அவற்றைப்போலவே அமைந்த மாதிரித் தரவைக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் நோய் வந்த பிறகு, தூக்கமில்லாமல் வேலை செய்யும் ஆய்வாளர்களிடம் கேட்பது கஷ்டம். கோடிங்கை ஒழுங்காக எழுதிப் பராமரிக்க, நோய் இல்லாத காலத்திலேயே ஆளும் நிதியும் ஒதுக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு, கோடிங் எழுதுபவருக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்த முறை "இத்தனை லட்சம் பேர் இறக்கலாம்" என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்த நிபந்தனையில் அந்த எண்? உள்ளே என்ன அனுமானம்? வேறு யாராவது அதே கணக்கை ஓட்டிப் பார்த்தார்களா? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்க வேண்டுமென்றால், நிரல் பூட்டிக் கிடக்கக் கூடாது.