ஒரு கட்டைவிரலின் விலை

அலுவலகச் செய்திகளில் நுழைந்துவிட்ட குறும்படங்கள் சிரிக்க வைப்பதோடு நிற்பதில்லை. வேலையைப் பறிக்கின்றன, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போடுகின்றன.

மேகாலயாவில் 2018இல் ரயில்வே பாதுகாப்புப் படையின் அதிகாரி ஒருவர், ஒரு காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். படையினரின் வாட்ஸ்ஆப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது, இன்னொரு காவலர் அதற்குப் பதிலாக உயர்த்திய கட்டைவிரலைப் போட்டார். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அந்த விரல் போதுமானதாக இருந்தது. கொலையைக் கொண்டாடுகிறார் என்று முடிவுகட்டிய நிர்வாகம், விசாரணை நடத்தி அவரை வேலையிலிருந்தே நீக்கியது.

வாட்ஸ்ஆப் பழக்கமில்லாமல் தவறுதலாகப் போட்டது என்பது அவர் தரப்பு வாதம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தனி நீதிபதி அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னார். நிர்வாகம் விடவில்லை. 2024இல் அதன் மேல்முறையீட்டை நிராகரித்த டிவிஷன் பெஞ்ச், கட்டைவிரலை 'ஓகே' என்பதற்கு மாற்றாகத்தான் கொள்ள வேண்டும், செய்தியைப் பார்த்துவிட்டார் என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை என்றது.

ஆனால் அதே விரல் கனடாவில் வேறு தீர்ப்பைச் சம்பாதித்தது. 2021இல் ஒரு தானிய நிறுவனம் 87 டன் ஆளி விதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டது. பதிலுக்கு வந்தது கட்டைவிரல். விதை வரவில்லை, விலைதான் ஏறியது. 'கிடைத்தது என்றுதான் சொன்னேன், சம்மதம் என்று சொல்லவில்லை' என்பது விவசாயியின் வாதம். சஸ்காட்செவன் நீதிமன்றம் ஏற்கவில்லை. இதற்கு முந்தைய ஒப்பந்தங்களையும் அவர் ஓரிரு சொற்களில்தான் உறுதி செய்திருந்தார்; எனவே விரலும் கையெழுத்தே என்று 2023இல் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு 82,000 கனடா டாலருக்கும் அதிகம். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறிகள் பிறந்ததே தகராறைத் தவிர்க்கத்தான். எழுத்துக்குக் குரல் கிடையாது. கேலியா கோபமா என்று தெரியாமல் சண்டை மூளும். 1982இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் ஒரு வழி சொன்னார்: முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போட்டால் அது நகைச்சுவை. படுத்துக் கிடக்கும் அந்தச் சிரித்த முகத்தின் வாரிசுகள்தான் இன்று எல்லோர் கைப்பேசியிலும் இருப்பவை.

நண்பர்களிடம் எடுபடும் சிரிப்பு மேலதிகாரியிடம் எடுபடுமா? 29 நாடுகளைச் சேர்ந்த 549 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. அலுவலக மின்னஞ்சலில் சிரித்த முகத்தைச் சேர்ப்பவர் அன்பானவராகத் தெரியவில்லை, திறமை குறைந்தவராகத்தான் தெரிந்தார். சரி, குறியே வேண்டாம் என்று ஒதுங்கினாலும் தப்ப முடியாது. ஒரே சொல்லில் பதில் அனுப்பி அதன் முடிவில் முற்றுப்புள்ளி வைத்தால், அதில் மனப்பூர்வம் குறைவாகத் தெரிகிறது என்று 2015இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். கையால் எழுதிய குறிப்பில் அதே புள்ளி யாரையும் உறுத்தவில்லை.

எதுவுமே எழுதாமல் இருந்தாலும் சாட்சி உண்டு. வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய நோட்டீசை எதிர்த் தரப்பு திறந்து பார்த்ததை அதன் குறிகளே காட்டுகின்றன என்று சொல்லி, அது முறைப்படி சேர்ந்துவிட்டதாக 2018இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சென்னையும் சஸ்காட்செவனும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. இரண்டுமே விரலைவிட அதைச் சுற்றியிருந்ததைத்தான் பார்த்தன. ஆனால் ஆள் யார், பழக்கம் என்ன என்றெல்லாம் நிதானமாகப் பார்க்க நீதிமன்றத்துக்கு நேரம் உண்டு. கோபத்தில் இருக்கும் மேலதிகாரிக்குக் கிடையாது. சாவு, பணம், தண்டனை என்று வரும்போது நாலு வார்த்தை எழுதிவிடுவதே பத்திரம். 'செய்தியைப் பார்த்தேன், வருந்துகிறேன்' என்று தட்ட அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்திய காவலர், நீதிமன்றப் படியேறித்தான் வேலையை மீட்க வேண்டியிருந்தது.