குதிரை திரும்பி வரணும்

"ஏனுங்கண்ணா, ட்யூனிங் நிக்கவே மாட்டேங்குதுங்க. ஒருக்கா அமுத்தி விட்டா முடிஞ்சுது. அப்புறம் எதை வாசிச்சாலும் பிசிறுதுங்க."

கோயமுத்தூரில் டீ குடிக்க பேக்கரிக்குத்தான் போவோம். பீளமேட்டில் அப்படி ஒரு பேக்கரி வாசலில், கிட்டார் பையைத் தோளிலிருந்து இறக்காமலே தம்பி இதைச் சொன்னார். மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவர். போன வாரம் ஒரு கோயில் திருவிழா மேடையில், இரண்டாம் பாட்டின் இடையிசையில், சுருதியை ஏற்றி இறக்கும் வாமி பாரை ஆசையாக ஒருமுறை அமுத்தியிருக்கிறார். மிச்சக் கச்சேரி முழுக்கச் சுருதி சேரவில்லை. கடையில் கேட்டால் கம்பியை முறுக்கும் ஆறு கீயையும் மாற்றச் சொன்னார்களாம். அவசரப்படாதீங்க, உட்காருங்க என்று இரண்டு டீ சொல்லிவிட்டு கிட்டாரை மடியில் வாங்கிக்கொண்டேன்.

கீக்குள்ளே இருப்பது வார்ம் கியர். நாம் திருகினால் அது சுற்றும். கம்பி எவ்வளவு இழுத்தாலும் தானாகத் திரும்பாது. லேத் பட்டறைகள் நிறைந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால் நான் முதலில் பார்ப்பது கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைத்தான். வீணைக்காரர்கள் அதைக் குதிரை என்பார்கள். வீணையில் குதிரை அசையாது. இந்தக் கிட்டாரில் பாரை அமுத்தினால் குதிரை ஆடும். ஆடிய குதிரை கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

"ராஜ வீதிப் பக்கம் நகைப் பட்டறையில பழைய தராசு பார்த்திருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன். அந்தத் தராசின் கோல் ஒரு கத்திமுனை மேல் உட்கார்ந்திருக்கும். முனை மழுங்கினாலோ தூசி படிந்தாலோ, இரண்டு தட்டும் காலியாக இருக்கும்போதே முள் நடுவுக்கு வராது. ட்ரெமலோ பிரிட்ஜும் அதே ஏற்பாடுதான். மேலே ஆறு கம்பி ஒரு தட்டு. கிட்டாரைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றினால் தெரிகிற ஸ்பிரிங்குகள் இன்னொரு தட்டு. மெல்லிய 9 செட் கம்பி போட்டால் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 38 கிலோ இழுக்கும். கொஞ்சம் தடித்த 10 செட் என்றால் 47 கிலோவுக்குப் பக்கம். அவ்வளவு இழுப்பையும் ஸ்பிரிங் எதிர்த்து நிற்க வேண்டும். 9 போட்டிருந்த கிட்டாரில் ஸ்பிரிங்கைத் தொடாமல் 10 மாட்டினால் குதிரை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் எழும்பி நிற்பது இதனால்தான்.

1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரோடு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர். ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டார். ட்ரெமலோ என்பது ஒலி கூடிக் குறைவது, சுருதி ஏறி இறங்குவதற்குப் பெயர் வைப்ராட்டோ. எழுபது வருஷமாகப் புழங்கிவிட்டதால் நாமும் ட்ரெமலோ என்றே சொல்வோம்.

தராசு என்று புரிந்துவிட்டால் பல புதிர்கள் தானாக அவிழும். ஒரு கம்பியை விரலால் வளைத்தால் அந்தத் தட்டில் எடை கூடுகிறது. குதிரை முன்னால் சாய்கிறது. மற்ற ஐந்தும் சுருதி இறங்குகின்றன. மேடையில் ஒரு கம்பி அறுந்தால் எடை குறைந்து ஸ்பிரிங் ஜெயிக்கிறது, மிச்சக் கம்பிகள் எல்லாம் ஏறிவிடுகின்றன.

அடுத்தது நட். கழுத்தின் உச்சியில் ஆறு பள்ளம் வெட்டிய அந்தச் சின்னத் துண்டு. என் அனுபவத்தில் சிக்கல் பாதிக்கு மேல் இங்கேதான். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு, பாரை ஆழமாக அமுத்தி விடுங்கள். எந்தக் கம்பி ஏறி நிற்கிறது என்று பாருங்கள். அமுத்தும்போது கம்பி தளர்ந்து, கொஞ்சம் நட்டைத் தாண்டி கீ பக்கம் நகர்ந்துவிடும். விடும்போது திரும்பி வர வேண்டும். பள்ளம் கம்பியைக் கவ்விப் பிடித்தால் வராது. வாசிக்கிற பக்கத்தில் கம்பி குறைந்து, இழுவை கூடி, சுருதி ஏறும். விரலால் வளைத்தால் நேர்மாறு: கீ பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த கம்பி திரும்பிப் போகாமல் சுருதி இறங்கும். அமுத்தினால் ஏற்றம், வளைத்தால் இறக்கம் என்றால் நட்டைப் பார்க்கலாம். கீயைத் திருகும்போது 'டிக்'கென்று ஒரு சத்தம் கேட்டு சுருதி சட்டென்று தாவினாலும் அதே நோய்தான்.

மருந்து பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். 2பி பென்சில். கம்பியைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கிவிட்டு, பள்ளத்தில் பென்சில் முனையை நாலைந்து தடவை தேய்த்தால் போதும், கிராஃபைட் வழுக்கிவிடும். தலைப்பக்கம் முதல் இரண்டு கம்பியை அழுத்திப் பிடிக்கும் கொக்கிக்கு அடியிலும் ஒரு தேய்ப்பு. அதற்கும் அடங்காவிட்டால் பள்ளம் குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம். அதை அரம் போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டில் முயன்றால் பள்ளம் ஆழமாகிவிடும், நட்டையே மாற்ற வேண்டி வரும்.

புதுக் கம்பிக்கும் ஒரு பழக்கம் உண்டு. மாட்டிய அன்று இளகிக்கொண்டே இருக்கும். 12-ஆம் ஃப்ரெட் மேலே விரலைக் கொடுத்து மெதுவாக இழுங்கள், சுருதி சேருங்கள், மறுபடி இழுங்கள். இறங்குவது நிற்கும்வரை செய்யுங்கள். கீயில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். அதிகமாகச் சுற்றினால், அமுத்தும்போது சுருள் தளர்ந்து, விட்டபின் வேறு மாதிரி இறுகும்.

இப்போது ஸ்பிரிங். மரத்தில் முறுக்கிய இரண்டு நீளத் திருகு, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நகத்தை இழுத்துக்கொண்டிருக்கும். சுருதி சேர்ந்த நிலையில் குதிரையின் பின்பக்கம் உடம்பிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் எழும்பி நின்றால் நல்லது. கூடுதலாக எழும்பினால் இரண்டு திருகையும் கால் கால் சுற்றாக இறுக்குங்கள், ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேருங்கள். ஒரு கம்பியை ஏற்றினால் மற்றவை இறங்கும் என்பதால் ஆறையும் நாலைந்து சுற்று சேர்க்க வேண்டியிருக்கும். பொறுமை இழந்து பாதியில் விடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். குதிரையின் முன்பக்க ஆறு திருகில் நடு நான்கையும் ஒரு மயிரிழை தளர்த்தி, ஓரம் இரண்டின் மேல் மட்டும் குதிரை ஆடட்டும். அங்கே ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய்.

"அப்ப ஃபிளாய்ட் ரோஸ் வாங்கிட்டா இதெல்லாம் வேண்டாமுங்களா?" என்றார். ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் 1979-இல் காப்புரிமை வாங்கியது நட்டிலேயே கம்பியைப் பூட்டிவிடும் வழி. பூட்டியபின் நட்டில் வழுக்கவும் சிக்கவும் எதுவும் இல்லை. சிறு திருத்தத்துக்கு என்று பிற்பாடு குதிரையிலேயே குட்டித் திருகுகள் வந்தன. நம் வீணையில் நாகபாசத்துக்குப் பக்கத்தில் லங்கர் வளையத்தை நகர்த்தி நுணுக்கமாகச் சேர்ப்பார்களே, அதே வேலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேடையில் கம்பி அறுந்தால் மாற்றி மாட்டுவதற்குள் அடுத்த பாட்டு முடிந்துவிடும். மெல்லிசைக் குழுவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

உண்மையில் நான் சொல்வது வேறு. கம்பியை வளைத்துக் கமகம் பிடிக்கிற கைக்கு, மிதக்கிற குதிரை இடைஞ்சல். ஐந்து ஸ்பிரிங்கும் மாட்டி, நகத்தை இறுக்கி, குதிரையை உடம்போடு படிய வைத்துவிடலாம். அமுத்தி இறக்கலாம், தூக்கி ஏற்ற முடியாது. வளைத்தால் மற்ற கம்பி அசையாது, ஒன்று அறுந்தாலும் மிச்சம் நிற்கும். கச்சேரிக்கு அதுவே பத்திரம் என்பேன்.

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லீங்கண்ணா, மிதக்கட்டுமுங்க. அந்த நடுக்கம் எனக்கு வேணுமுங்க" என்றார். அதுவும் நியாயம். பையிலிருந்து திருப்புளியை எடுத்தோம். டீ ஆறிப்போகும் வரை கால் கால் சுற்றாகப் போனது. ஐந்தாவது சுற்றில் ஆறு கம்பியும் சேர்ந்தன. பாரை அடிவரை அமுத்தி விட்டார். செல்போன் ட்யூனரில் முள் ஒவ்வொரு கம்பிக்கும் நடுவுக்கு வந்தது, மூன்றாம் கம்பி மட்டும் ஒரு நூல் ஏறி நின்றது.

நான் வாயைத் திறக்கும் முன் அவர் பேக்கரிக்காரரிடம் திரும்பிவிட்டார். "அண்ணா, கணக்கு எழுதற அந்தப் பென்சிலைக் கொஞ்சம் குடுங்க."