வலியோடு வாழ்வோரும் மழலைச் செல்வமும்

திருமணமாகி ஓராண்டு நிறையுமுன்னரே, "வீட்டில் விசேஷம் உண்டா?" என்று உற்றாரும் ஊராரும் வினவத் தொடங்கிவிடுகின்றனர். அன்பினால்தான் கேட்கின்றனர். ஆயினும், காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கவும் இயலாமல் வருந்தும் இளம் மனைவிக்கு அவ்வினா நெஞ்சில் தைக்கும் முள்ளாகும். மகவை ஏந்த ஆசையுண்டு. ஏந்தக் கைகளில் வலுவுண்டா என்பதே அவள் ஐயம்.

முடக்குவாதம் முதியோரை மட்டும் பற்றும் நோயன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் விளையும் இந்நோய், பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களையும் பற்றுகிறது. அவர்கள் தாயாகலாமா? பெரும்பாலோர் ஆகலாம், ஆனால் முன்னேற்பாடு வேண்டும் என்கிறது மருத்துவம்.

கருவுற்ற காலத்தில் இந்நோயின் வேதனை பலருக்குத் தணிவதை அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் 1938-இல் எடுத்துரைத்தார். எனினும் எல்லாருக்கும் தணிவதில்லை. தணிந்தவர்களிலும் பலருக்கு, குழந்தையைத் தூக்கிப் பாலூட்ட வேண்டிய மாதங்களிலேயே வலி மீண்டும் தலைதூக்குகிறது.

மருந்திலும் கவனம் தேவை. இந்நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு விளைவிக்கும். கருத்தரிப்பதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பாசலசின் போன்றவை கருவுற்ற காலத்திலும் தொடரத்தக்கவை. இம்மாற்றங்களை மருத்துவரே செய்யவேண்டும். தாமாக மருந்தை நிறுத்தினால் நோய் முற்றிவிடும்.

இனி, முடிவு யாருடையது? மாமியாருடையதா, அண்டை வீட்டாருடையதா? இறைவன் திருமுன் இத்தீர்ப்பை எடுக்க வேண்டியவர்கள் தம்பதியரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவுபடுத்தியது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பரின் 1968-ஆம் ஆண்டுச் சுற்றுமடலும், உடல்நிலை, மனநிலை, பொருள்நிலை ஆகியவற்றைச் சீர்தூக்கி, தக்க காரணமிருப்பின் அறநெறி வழுவாது மகப்பேற்றைத் தவிர்ப்பதையும் பொறுப்புள்ள பெற்றோர்க்குரியதாகவே கொள்கிறது.

எனவே கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசட்டும். நள்ளிரவில் அழும் குழந்தையை எடுப்பது யார்? வலி மிகும் நாளில் அடுப்படியைக் கவனிப்பது யார்? "நான் இருக்கிறேன்" என்று கணவன் சொல்வது மட்டும் போதாது; இன்றே அவன் சமையலறைக்குள் நுழைந்து பழகவேண்டும். பெற இயலாதென முடிவு செய்வோர் தத்தெடுக்கவும் எண்ணலாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கும் அவ்வழியைத் திறந்துள்ளது; உடல்நலச் சான்றும் கேட்கப்படும்.

அவர்கள் எம்முடிவை எடுப்பினும் அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பிள்ளை வேண்டாமென்றால் மலடி என்று தூற்றாதிருப்போம். வேண்டுமென்றால், பிறந்தபின் ஒருவேளைச் சோறு சமைத்து எடுத்துச் செல்வோம். நம் வாழ்த்துரையினும் அச்சோறே அத்தாய்க்குப் பெரிது.