எந்த வட்டில் ஓடுகிறது உங்கள் கணினி?

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் நாகூர் வரைக்கும் வந்தது. பல கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. அந்தப் பழைய கணினியில் புது எஸ்எஸ்டி வட்டையும் சேர்த்துப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. சிக்கலே அங்கேதான்: வட்டுகள் இரண்டு இருந்தால், இயங்குதளம் ஓடுவது எதில்?

பொத்தானை அழுத்தியதும் கணினியின் தொடக்க மென்பொருளான யுஇஎஃப்ஐ, பழைய கணினியென்றால் பயாஸ், தொடக்க வட்டைத் தேடி க்ரப் என்ற ஏற்றி நிரலை எழுப்பும். க்ரப், இயங்குதளத்தின் கருவான கெர்னலை ஏற்றி, இயங்குதளம் குடியிருக்கும் மூலக் கோப்பமைப்பு எங்கே என்றும் சொல்லிவிடும். தொடக்கமும் மூலமும் ஒரே வட்டில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

வட்டுகளுக்குக் கெர்னல் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி, கண்ணில் பட்ட வரிசைக்குத்தான். பென்டிரைவோடு கணினியைத் தொடங்கினால் நேற்றைய எஸ்டிஏ இன்றைக்கு எஸ்டிபி ஆகலாம்.

அதற்காகத்தான் யுயுஐடி: கோப்பமைப்புக்குள்ளேயே எழுதப்படும், பொதுவாக 128 பிட் நீளமுள்ள அடையாள எண். வட்டை மாற்றிச் செருகினாலும் அது மாறாது. ஆனால் வட்டை அச்சு அசலாக நகலெடுத்தால் எண்ணும் நகலாகிவிடும். இரண்டையும் சேர்த்து மாட்டினால் குழப்பம்தான்.

லினக்ஸ் முனையத்தில் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையை இட்டால் வட்டுகளும் அளவுகளும் வரிசையாக வரும். வெறும் சாய்கோடு (/) எதன் எதிரே நிற்கிறதோ, அதுவே மூலம். எந்த வட்டையும் அழிக்கும் முன் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.