"பச்சை! தூக்கு, தூக்கு!"

செருப்பை வாசலிலேயே விடுங்கள். இந்தத் தட்டில் இருக்கிற டெட்டால் தண்ணீரில் காலை நனையுங்கள். மாஸ்க் போட்டாயிற்றா? பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் நிற்கிற சாதாரண ஓலைக் கொட்டகைதான்; ஆனால் உள்ளே போக ஆபரேஷன் தியேட்டர் கெடுபிடி! "யாரையும் உள்ள விடறதில்லீங்க, இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்" என்கிறார் குடிலை நடத்தும் அக்கா. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாக்கெட்டில் மட்டுமே பார்த்த சிப்பிக் காளானை அது பிறக்கிற அறையிலேயே பார்க்கப் போகிறோம்!

முதலில் பின்கட்டு. அண்டாவில் வைக்கோல் கொதிக்கிறது. பக்கத்தில் நிற்கிற அண்ணன் தலையில் கட்டிய துண்டையே பிழிந்து விடலாம், அவ்வளவு வியர்வை. வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைக்கிறார்கள். ஏற்கெனவே அதில் குடியிருக்கும் பூஞ்சைகளைக் காலி செய்யத்தான் இந்தப் பாடு. வெந்ததை விரித்துப் போட்டு ஆறவிட்டு, ஒரு கைப்பிடி அள்ளி இறுக்குகிறார் அண்ணன். "சொட்டுத் தண்ணி விழக்கூடாதுங்க, உள்ளங்கை மட்டும் நனையணும். அவ்வளவுதானுங்க மிசினு!"

அடுத்த அறையில் நாலு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பெட் கட்டுகிறார்கள். ஃபேன் கிடையாது. காற்றடித்தால் கண்ணுக்குத் தெரியாத வேற்றுப் பூஞ்சை வித்துகள் பறந்து வந்து விழுமாம். மூலையில் அறுந்த சணல், பாதி குடித்த டீ டம்ளர்கள், பாட்டு ஓடுகிற ஒரு போன். நடுவில் காளான் வித்துப் பை. உள்ளே இருப்பது வேகவைத்த வெள்ளைச் சோளம்தான். ஒன்றை எடுத்துக் கண்ணருகில் வைத்துப் பாருங்கள்: பஞ்சு இழை மணியைச் சுற்றி, பக்கத்து மணியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமாக ஒரு கை சோளம், மறுபடி வைக்கோல் என்று ஏறிக்கொண்டே போகிறது. "எம் மருமவளுக்குக்கூட இத்தனை அடுக்கு வெச்சுச் சீர் செய்யலீங்க" என்கிறார் ஒருவர். மருமகள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். "அதான் காளான் உங்க பேச்சைக் கேக்குது, நான் கேக்கறதில்ல!" அறையே சிரிக்கிறது.

இனி இருட்டறை. சத்தம் போடாமல் வாருங்கள். கட்டிய பைகள் இங்கே பதினைந்து இருபது நாள் இருக்கும். பழுப்பு வைக்கோல் நுனியிலிருந்து அடிவரை வெளுத்துக்கொண்டே வருகிறது. உண்மையில் இந்த வெள்ளை இழைதான் பூஞ்சை. நாம் குழம்பு வைப்பது அதன் பழத்தை. வைக்கோலையும் மரத்தையும் விறைப்பாக வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். அதைக் கடித்துத் தீர்க்கிற திறமை உலகத்தில் வெகு சிலருக்குத்தான் உண்டு; அதில் முதல் வரிசை, சிப்பிக் காளான் வகையறா. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் விழுந்த மரமெல்லாம் மக்கி மண்ணாவது இந்தக் கூட்டத்தின் புண்ணியம். இவை வேலைநிறுத்தம் செய்தால் காட்டுக்குள் கால்வைக்க இடமிருக்காது.

அக்கா டார்ச் அடித்துக்கொண்டே நடக்கிறார். சட்டென்று நிற்கிறார். ஒரு பையின் இடுப்பில், பத்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு பச்சைத் திட்டு.

"பச்சை! தூக்கு கண்ணு, தூக்கு!"

ஒரு பையன் பாய்ந்து வந்து அந்தப் பையைச் சாக்குக்குள் திணித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறான், தோப்பின் கடைசி வரை. வில்லன் பெயர் டிரைகோடெர்மா. அடுத்த பூஞ்சைகளைப் பிடித்துத் தின்னும் பூஞ்சை.

வேடிக்கை இங்கேதான். இதே டிரைகோடெர்மாவில் விரிடி என்ற வகையை அக்காவின் வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார்! நிலக்கடலை விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் கலந்து விதைத்தால், வேரழுகல் பூஞ்சையை மண்ணுக்குள்ளேயே மடக்கிவிடும். வயலில் காவல்காரன், குடிலில் கொள்ளைக்காரன். அந்தப் பாக்கெட் டிராக்டர் ஷெட்டைத் தாண்டி வரக்கூடாது. தொட்டவரும் குளிக்காமல் வரக்கூடாது. "புருசனா இருந்தாலும் சரிங்க" என்கிறார் அக்கா. கண்டிப்பான குரல்தான், கண்ணில் மட்டும் சிரிப்பு.

ஓடிப்போன பையன் திரும்பி வருகிறான். போட்டிருப்பது திருப்பூர் பனியன், வழவழவென்று இருக்கிறது. 'பயோ வாஷ்' செய்தது என்று பெருமை. அந்த வாஷில் துணியின் பிசிறைத் தின்பது செல்லுலேஸ் என்ற நொதி. அதை ஏராளமாகச் சுரந்து பேர்வாங்கியது டிரைகோடெர்மா ரீசி, நம் பச்சை வில்லனின் சொந்தக்காரன்! இரண்டாம் உலகப் போரில், சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை மக்கவைத்து மாட்டிக்கொண்ட பூஞ்சை அது. அவன் கையில் இருக்கிற கலர் சோடாவின் புளிப்புக்கும் பூஞ்சைதான் காரணம்: சிட்ரிக் அமிலத்தை ஆலைகளில் தயாரித்துத் தருவது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர், கறுப்புப் பூசணம். பெனிசிலின் கதை உங்களுக்கே தெரியும், தாண்டிவிடுவோம்.

கடைசி அறைக்கு வந்துவிட்டோம். அப்பாடா, என்ன குளிர்ச்சி! தரையில் ஈர மணல், சுவரில் நனைத்த சாக்கு. உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்குகிற பைகளின் ஓட்டைகளில் எல்லாம் சாம்பல் வெள்ளைக் கொத்துகள். டார்ச் வெளிச்சத்தில் மெல்லிய பொடி மிதக்கிறது; காளான் உதிர்க்கிற வித்து அது. நாள் முழுக்கச் சுவாசித்தால் இருமல் பிடித்துக்கொள்ளும், மாஸ்க் அதற்குத்தான். தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால் பறித்துவிட வேண்டும். ஈரக் காளான் சீக்கிரம் கெட்டுப்போகும். அடியைப் பிடித்து லேசாகத் திருகினால் கொத்து அப்படியே கைக்கு வந்துவிடுகிறது. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க, இருநூறு கிராம் பாக்கெட்டுகள் தராசில் ஏறி இறங்குகின்றன. காய்த்து ஓய்ந்த பைகள் மண்புழுத் தொட்டிக்குப் போகும். வீணாவது பாலித்தீன் மட்டும்தான். அதற்கு இன்னும் யாரும் ஒரு வழி சொல்லவில்லை என்பது அக்காவின் குறை.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் காளான் வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள். போனால், பயிர் நோயியல் துறை எங்கே என்று கேளுங்கள். பயிரைத் தாக்கும் பூஞ்சையை ஒழிக்க வழி தேடுகிறவர்களேதான் அங்கே காளானை வளர்க்கவும் கற்றுத்தருகிறார்கள்.