இதயத்தைச் சுற்றி நீர்: ஸ்கான் எதைக் காட்டும்?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் தங்கியிருந்து இப்போது ஊருக்குத் திரும்ப ஆயத்தமாகும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

காசநோய் என்றதும் நுரையீரலும் இருமலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது இதயத்தைப் போர்த்தியிருக்கும் உறையையும் தாக்கலாம். அப்போது இருமல் இல்லாமலும் இருக்கலாம். நடந்தால் மூச்சு வாங்கும், நெஞ்சு நோகும், கால் வீங்கும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும், உடம்பு மெலியும். அலைச்சலால் வந்த களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

இதய உறைக்குள் வழமையாகச் சில கரண்டி நீரே இருக்கும். நோய் வந்தால் அந்த நீர் பெருகி, இதயம் விரிய இடமில்லாமல் நெருக்கும். 'எக்கோ' எனப்படும் இதய ஸ்கான் இதைக் காட்டும். நெஞ்சில் ஜெல் பூசி, சிறு கருவியை வைத்து ஒலி அலைகளால் பார்ப்பார்கள். நோகாது. எக்ஸ்றே போன்ற கதிர்வீச்சு இல்லாததால் கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். நீர் எவ்வளவு, அது இதயத்தை நெருக்குகிறதா, உறை தடித்திருக்கிறதா, நீருக்குள் நூல்போன்ற இழைகள் உள்ளனவா என்று வைத்தியர் பார்ப்பார்.

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: ஸ்கான் நீரைக் காட்டும், கிருமியைக் காட்டாது. சிறுநீரக நோய், புற்றுநோய், வைரஸ் தொற்று ஆகியவற்றாலும் நீர் சேரலாம். ஆகவே சளிப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்றே, இரத்தப் பரிசோதனை என்பனவும் கேட்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கானைப் பார்த்தபடியே ஊசியால் நீரை எடுப்பார்கள். அந்த நீரிலும் கிருமி எளிதில் அகப்படாது. எல்லா முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தே வைத்தியர் மருந்தைத் தொடங்குவார்.

சிகிச்சை வழமையாக 6 மாதம். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசம். குளிசை குடிக்கும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். சுகம் வந்துவிட்டதென்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காமலும் போகலாம். உறை இறுகி இதயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் பின்னரும் ஸ்கான் செய்யச் சொல்வார்கள்.

பஸ் ஏறுமுன் செய்ய வேண்டியவை:

- நீங்கள் மருந்தெடுக்கும் சிகிச்சை நிலையத்தில், போகும் மாவட்டத்தைச் சொல்லி இடமாற்றக் கடிதம் வாங்குங்கள்.
- சிகிச்சை அட்டை, ஸ்கான் அறிக்கை, எக்ஸ்றே படம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். தனியாரிடம் செய்த ஸ்கானும் உதவும்.
- பயண நாட்களுக்குப் போதிய குளிசையைக் கேட்டு வாங்குங்கள்.
- ஊர் சேர்ந்ததும், வீட்டு வேலை தொடங்குமுன், மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் பதியுங்கள்.

கடும் மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.